ஒரு மடவைத் தலைக்கு இரண்டு அடுப்பு

பன்னிரண்டு வருஷம் சேர்த்து வைத்த நல்ல பெயரை அங்காளம்மாள் ஒரு மடவை மீன் தலைக்கு விற்றாள்.

வியாபாரம் தெரிந்தவர்கள் இந்தப் பேரத்தைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஒல்லாந்தர் கோட்டைக்கு எதிரே, கப்பல் சமையற்காரர்கள் வந்து மீன் வாங்கும் பழவேற்காட்டுக் கடைத்தெருவில், மடவைத் தலைக்குத் தனியாக விலையே கிடையாது. உடம்பை வாங்கினால் தலை கொசுறு. மருமகளுக்கு நல்ல பெயர் என்பதோ, அவள் ஊரான தோணிரேவில் மட்டுமல்ல, ஏரியைச் சுற்றியுள்ள எந்த ஊரிலும் எவ்வளவு கொடுத்தாலும் கிடைக்காத சரக்கு. கொசுறுக்காக அந்தச் சரக்கைக் கைமாற்றியவள் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும். அல்லது எதற்காக விற்றோம் என்பதை வெளியே சொல்லாத வியாபாரியாக இருக்க வேண்டும்.

அங்காளம்மாள் பைத்தியமில்லை.

ஆடி முடியப் போகும் ஒரு காலை நேரம் அது. மாமியார் முனியம்மாள் குழம்புச் சட்டியை முன்னால் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் பங்கு போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அகப்பை அவள் கையை விட்டு வேறு கைக்குப் போனதில்லை. மூத்த மகன் துளசிங்கத்துக்கு நடுத்துண்டு, இளைய மகன் தேசப்பனுக்கு நடுத்துண்டு. தலையை இளைய மருமகள் தனக்கோடியின் வட்டிலில் போட்டாள். தனக்கோடி ஐந்து மாதக் கர்ப்பிணி. மூத்த மருமகள் அங்காளம்மாளுக்கு வழக்கம்போல வால்.

"தல எனுக்கு வேணும் அத்த" என்றாள் அங்காளம்மாள்.

முனியம்மாள் முதலில் அதை விளையாட்டு என்றுதான் நினைத்தாள். இவள் வாயைத் திறந்து இந்த வீட்டில் எதையும் கேட்டதில்லை.

"இன்னாடி சொல்ற? மாசமாயிருக்கறவ வாயிலருந்து புடுங்கித் துன்னப் போறியா?"

"பன்னெண்டு வருசமா வாலத் துன்னுட்டேன். தனியா ஒரு அடுப்பு வெச்சாத்தான் எனுக்குத் தல கெடைக்கும் போல கீது."

தனி அடுப்பு என்ற வார்த்தை விழுந்ததும் முனியம்மாளின் கையில் அகப்பை அப்படியே நின்றது. தேசப்பன் அண்ணியை நிமிர்ந்து பார்த்தான். வேறு யாரோ அண்ணியின் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பதுபோலப் பார்த்தான். எதிர்பாராதது தனக்கோடி செய்ததுதான். அந்தப் பெண் கண்ணில் நீர் தளும்பத் தன் வட்டிலை அங்காளம்மாள் பக்கம் நகர்த்தி, "நீயே துன்னுக்கா" என்றாள்.

அங்காளம்மாள் அந்த இடத்திலேயே உடைந்து போயிருப்பாள். குனிந்துகொண்டாள். தலையை எடுத்து, கண் முதல் செவுள் வரை விடாமல் தின்று தீர்த்தாள். ஒவ்வொரு வாயும் மணலாக இறங்கியது.

முனியம்மாள் அழுகையும் வசையுமாக ஆரம்பித்தாள். தன் மாமியார் காலத்திலிருந்து பிரியாத அடுப்பு, புருஷன் செத்தபோதுகூடப் பிரியாத அடுப்பு, இன்று ஒரு மீன் தலைக்குப் பிரிவதா என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். மூத்த மகனைப் பார்த்தும் கேட்டாள். துளசிங்கம் எழுந்து கையைக் கழுவி, "அவ சொல்றதுதான்" என்றான். மனைவி அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்த வசனம் அது ஒன்றுதான். அதையும் கூரையைப் பார்த்துச் சொன்னான்.

நடந்தது இதுதான்.

அதற்குச் சில நாட்களுக்கு முன்னால், ஏரிக்கரையில் அங்காளம்மாள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது, தேசப்பன் வந்து பக்கத்தில் குந்தினான். கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறினான். பிறகு சொன்னான்: "அண்ணி, பொரட்டாசிக் கடசில பத்தாவிக்குக் கப்பல் போவுது. ஆளு எடுக்கறாங்கோ. நானும் வரேன்னு தண்டலாண்ட சொல்லி வெச்சுட்டேன். அம்மாவாண்ட சொல்லிடாத. அண்ணனாண்டயும்."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில், இறால் ஏறி வரும் நல்ல இடங்கள் சிலதான். அங்கே எந்த நாளில் யார் வலை கட்டுவது என்று வருஷத்துக்கு ஒரு முறை அம்மன் கோயிலில் சீட்டு எடுப்பார்கள். அந்த உரிமைக்குப் பாடு என்று பெயர். பாடு ஆளுக்கு இல்லை, அடுப்புக்கு. ஒரு அடுப்பில் ஒரு ஆண் சாப்பிட்டாலும் ஒரு பாடுதான், ஐந்து ஆண்கள் சாப்பிட்டாலும் ஒரு பாடுதான். முனியம்மாளின் வீட்டில் அண்ணனும் தம்பியும் ஒரே பாட்டில் வலை கட்டி, வந்ததைப் பாதிப் பாதியாக்கி, இரண்டு பேருமே அரை வயிறாக இருந்தார்கள். இப்போது தேசப்பனுக்கு ஒரு பிள்ளை வேறு வரப்போகிறது.

மாலுமித் தலைவனான தண்டலின் பேச்சைக் கேட்டு, கடலுக்கு அப்பால் ஒல்லாந்தர் ஊரான பத்தாவிக்குக் கப்பலேறிப் போனவர்களில் சிலர் சரிகை வேட்டியோடு திரும்பி வந்ததுண்டு. சிலருடைய பெண்டாட்டிகள் இன்னும் கப்பல் வந்ததென்று கோட்டையில் கொடியேறும் போதெல்லாம் கரைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அங்காளம்மாள் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது தேசப்பனுக்கு எட்டு வயது. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. ஊர் கேட்டபோதெல்லாம் தேசப்பனைக் காட்டிக் காட்டி, ஊரும் கேட்பதை நிறுத்திவிட்டது. அந்தப் பிள்ளை கப்பலேறப் போகிறேன் என்று சொன்னபோது, அவள் கையிலிருந்த மீன் வழுக்கித் தண்ணீருக்குள் போய்விட்டது.

வழி ஒன்று இருந்தது. அடுப்பு இரண்டானால் பாடு இரண்டாகும். ஆனால் தோணிரேவு ஏமாந்து ஏமாந்து புத்தி தெளிந்த ஊர். முன்பு சின்னப்பன் என்று ஒருவன், அண்ணன் தம்பி பிரிந்துவிட்டோம் என்று சொல்லி இரண்டு அடுப்பு மூட்டி இரண்டு பாடு வாங்கிக்கொண்டு, சாயங்காலமானால் ஒரே சட்டியில் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அது வெளுத்த நாளிலிருந்து ஊர்க்கட்டு ஒன்று வந்தது: பிரிந்த வீடுகளுக்கு நடுவே, சீட்டு எடுக்கும் நாள் வரைக்கும் நெருப்பு போகக் கூடாது, உப்பு போகக் கூடாது, சட்டி போகக் கூடாது. மூன்றில் எது கடந்தாலும் இரண்டும் ஒரே வீடு, பாடு ஒன்றுதான். அதற்கு மேல், சீட்டு நாளன்று அந்த வீட்டுப் பெரியவரை அம்மன் முன்னால் நிறுத்தி, நிஜமாகவே பிரிந்துவிட்டீர்களா என்று ஊர்த்தலைவரான நாட்டார் கேட்பார்.

பெரியவள் முனியம்மாள். அவளுக்குப் பொய் வராது. சொல்லலாம் என்று வாயெடுத்தாலே விக்கல் வந்துவிடும். மாடு விற்ற இடத்தில், அதற்குச் சுளி நல்ல சுளி என்று சொல்லப் போய் விக்கல் எடுத்து விலை பாதியாய் இறங்கியது ஊரறிந்த கதை. அவளிடம் விஷயத்தைச் சொன்னால் பாடு போய்விடும். சொல்லாமல் இருந்தால் அவள் மனம் போய்விடும்.

தம்பியைப் பிரித்து அனுப்பலாமே என்று துளசிங்கம் கேட்டான். தோணியில் வலையை அள்ளிக்கொண்டே கேட்டான்.

"அனுப்புனா கெட்ட பேரு தனக்கோடி மேல வியும். புதுப் பொண்ணு. பொறக்கப் போற புள்ள காலம் வரிக்கும் அந்தப் பேரு போவாது."

"உன் பேரு?"

"நான் பழைய சீல. கற தெரியாது" என்றாள் அங்காளம்மாள்.

தம்பியிடமாவது சொல்லலாமே என்றதற்கு, சொன்னால் அவன் விடமாட்டான், அடுத்த படகிலேயே கோட்டைக்குப் போய் நின்றுவிடுவான் என்றாள். துளசிங்கத்துக்கு அதற்கு மேல் கேட்கத் தெரியவில்லை. இப்படியாக ஒரு மடவைத் தலை விலை போயிற்று.

தெருவின் வடகோடியில், ஏரியைப் பார்த்தாற்போல் ஒரு மணல்மேடு சும்மா கிடந்தது. துளசிங்கம் பனங்கால் நட்டுக் கீற்று வேய்ந்தான். ஆடியில் யாராவது குடிபோவார்களா என்று ஊர் கேட்டது. அடுப்பைப் பிரித்தவளுக்கு ஆடி என்ன, ஆவணி என்ன என்று ஊரே பதிலும் சொல்லிக்கொண்டது. அங்காளம்மாள் பழைய வீட்டிலிருந்து தன் சேலைகளையும், பாயையும், கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டார் கொடுத்த செம்பையும் மட்டும் எடுத்துக்கொண்டாள். கட்டிலுக்கு அடியிலிருந்த வாய் உடைந்த ஒரு பானையையும் எடுத்தாள். முனியம்மாள் அதைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, சோற்றுப் பானையில்லை என்று தெரிந்ததும் திருப்பிக் கொடுத்தாள். அடுப்பு மூட்ட நெருப்பு வேண்டுமே? கோயில் விளக்கிலிருந்து ஓலையில் பற்றவைத்து எடுத்து வந்தாள்.

நல்ல தண்ணீர் ஊற்றடியில் முனியம்மாளின் கடை திறந்தது. தினமும் காலையில் குடத்தை வைத்துவிட்டு மருமகளின் குணத்தை விரித்துப் போடுவாள். வாங்குவதற்கு ஆளும் கூடியது. முதல் நாள் அது ஒரு மடவைத் தலை. மூன்றாம் நாள் இரண்டு மடவை. ஒரு வாரத்துக்குள் ஒரு கூடை மடவையும் அதன்மேல் ஒரு நண்டும் ஆகிவிட்டது. மாசமான பெண்ணைத் தள்ளிவிட்டுத் தின்றாள் என்றும், பன்னிரண்டு வருஷமும் உள்ளுக்குள் கத்தி தீட்டிக்கொண்டுதான் இருந்தாள் என்றும் சேர்ந்துகொண்டது. அங்காளம்மாள் எல்லோருக்கும் கடைசியாக ஊற்றுக்குப் போய், கலங்கலாக மிச்சமிருந்ததை மொண்டுகொண்டு வந்தாள். தேசப்பன் வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஊற்றடி வசையெல்லாம் ஒரு பக்கம், அந்தத் திருப்பல் ஒரு பக்கம்.

ஆனால் அவள் கணக்குப் போடாத ஒன்று நடந்தது. தண்டனை என்று நினைத்து வந்த இடத்தில் அவளுக்குச் சந்தோஷம் வந்துவிட்டது.

முதலில் அது அகப்பையில் ஆரம்பித்தது. அகப்பை அவள் கையில். என்ன சமைப்பது என்று யாரையும் கேட்க வேண்டாம். ஒரு நாள் வெறும் சோறும் சுட்ட கருவாடும் போதும் என்று தோன்றியது, அதையே ஆக்கினாள், காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள். காலை நீட்டி உட்காரும் சுகத்தை அவள் கல்யாணத்துக்குப் பிறகு மறந்தே போயிருந்தாள்.

அடுத்தது அந்த உடைந்த பானை. கோட்டைப் பக்கத்துக் கரையில், கப்பலில் வந்த நீலப்பூ போட்ட சீனப் பீங்கான்கள் உடைந்தால் கொட்டிவிடுவார்கள். மீன் விற்கப் போகும்போதெல்லாம் அங்காளம்மாள் அந்தச் சில்லுகளைப் பொறுக்கி வந்து பானையில் ஒளித்து வைத்திருந்தாள். உடைந்த பாத்திரம் வீட்டுக்கு ஆகாது என்பது முனியம்மாளின் சட்டம். இப்போது சுவருக்கு மண் பூசிய ஈரத்தில் அவற்றை ஒவ்வொன்றாகப் பதிக்க ஆரம்பித்தாள். அடுப்புக்கு மேலே ஒரு நீலப் பாலம் வந்தது, அதில் நடக்க ஆளில்லை. கதவுப் பக்கம் குடை பிடித்த ஒரு ஆள் வந்தான், அவனுக்குப் பாலமில்லை. பாதி மரம், கால் வீடு, வாலில்லாத ஒரு பறவை. வேலை முடிந்த மத்தியானங்களில் எந்தச் சில்லு எதற்குப் பக்கத்தில் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பாள். அடுப்பில் சோறு குழைந்தாலும் கேட்க ஆளில்லை.

துளசிங்கமும் தன் பங்குக்கு ஒரு கௌதாரி வாங்கி வந்து கூண்டில் தொங்கவிட்டான். பழைய வீட்டில் அம்மா அனுமதிக்காத சமாச்சாரம் அது. நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிற மனிதன், விடிந்ததிலிருந்து அந்தப் பறவையோடு பேசிக்கொண்டிருந்தான். தன் புருஷனுக்கு இத்தனை வார்த்தை தெரியும் என்பது அங்காளம்மாளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் சிரித்தால் அவனும் சிரிப்பான். பிறகு இரண்டு பேரும் திருட்டுப் பொருளோடு பிடிபட்டவர்கள்போல வாயை மூடிக்கொள்வார்கள். அங்கே ஒருத்தி அழுதுகொண்டிருக்கும்போது இங்கே சிரிக்கலாமா? நாடகத்துக்குப் போட்ட வேஷம் உடம்புக்கு இவ்வளவு பொருந்தலாமா?

ஆவணி கடைசி வெள்ளிக்கிழமை சுவரெல்லாம் காய்ந்து, பால் காய்ச்ச நாள் பார்த்தார்கள். சீட்டு எடுக்க இன்னும் ஐந்தாறு நாள் இருந்தது. அழைத்தால் யாரும் வரமாட்டார்கள் என்பதால் யாரையும் அழைக்கவில்லை. அழைக்காமல் வந்தவன் சம்பந்தம் என்பவன் ஒருவன்தான். பாடு ஒன்று கூடினால் தன் முறை ஒரு நாள் தள்ளிப் போகும் என்ற கவலையில் இருந்தவன் அவன். சில நாட்களாகவே புது வீட்டுப் பக்கம் நடமாடி, குழம்பு வாசனை பிடித்து, இது பழைய வீட்டுக் குழம்பா புது வீட்டுக் குழம்பா என்று மூக்கால் சோதித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு எதிரே பூவரச மரத்தடியில் நாட்டார் கோதண்டம் வலை பின்னிக்கொண்டிருக்க, சம்பந்தம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குத் தேவையில்லாத உதவியெல்லாம் செய்துகொண்டிருந்தான்.

பால் பொங்கி வரும் நேரத்துக்குத் தெருவில் முனியம்மாள் வந்தாள்.

தனியாகத்தான் வந்தாள். இடுப்பில் குழம்புச் சட்டி. வலக்கையில் சாம்பல் போட்டு மூடிய ஓடு, அதற்குள் நெருப்பு. ஊற்றடியில் ஒரு மாதம் கடை நடத்திய வாய் இறுக மூடியிருந்தது. நடையில் கோபம் மிச்சமிருந்தது, கையில் இல்லை. மூத்தவள் புது வீட்டில் பால் காய்ச்சும்போது பழைய வீட்டு நெருப்பு வராமல் போனால் அந்த வீடு விளங்காது என்று அவளுக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் வரவில்லை என்பதைத் தனக்கோடி பிற்பாடு சொன்னாள்.

வாசலில் வந்து நின்றாள்.

"இந்தாடி. என் மாமியா எனுக்குக் குடுத்த நெருப்பு. நான் அணைய வுடாம வெச்சிருந்தது. நீ பேசுனது பேசுனதுதான், அத்த நான் மறக்க மாட்டேன். அதுக்காவ உன் வூடு இருண்டா கெடக்கணும்? வாங்கிக்க. கொயம்புல தல ரெண்டு போட்டுக்கீறேன்."

அங்காளம்மாளின் இரண்டு கையும் தாமாகவே முன்னால் எழுந்தன.

மரத்தடியில் சம்பந்தம் எழுந்து நின்றதை அவள் பார்த்தாள். நாட்டாரின் கையில் வலை ஊசி நின்றதையும் பார்த்தாள். நெருப்பு ஒரு கையில், உப்புப் போட்ட குழம்பு இடுப்பில், அதைத் தாங்கிய சட்டி. ஊர்க்கட்டு சொன்ன மூன்றும் ஒரே நடையில் வந்து வாசலில் நின்றன. இன்னும் ஒரு சாண் நகர்ந்தால் தேசப்பன் கப்பலில்.

எழுந்த கைகளை அவள் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வாணாம் அத்த."

"இன்னா வாணாம்?"

"உன் நெருப்பும் வாணாம், கொயம்பும் வாணாம். எனுக்குனு அடுப்பு கீது."

முனியம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. சற்று நேரம் அந்த ஓட்டில் ஊதி ஊதிச் சாம்பலை விலக்கிப் பார்த்தாள், நெருப்பில்தான் ஏதோ குறை இருக்கிறது என்பதுபோல.

"நான் செத்தாலும் வாங்க மாட்ட, இல்ல?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அங்காளம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொல்ல வாயைத் திறந்தால் வேறு எதுவோ வந்துவிடும். முனியம்மாள் திரும்பி நடந்தாள். கோபத்தில் குழம்பைத் தெருவில் கொட்டிவிட்டுப் போவாள் என்று ஊர் எதிர்பார்த்தது. ஒரு சொட்டுச் சிந்தாமல் எடுத்துக்கொண்டு போனாள்.

உள்ளே பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது. அங்காளம்மாள் வாலில்லாத பறவையின் கீழே உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். துளசிங்கம் கௌதாரிக் கூண்டைத் துணி போட்டு மூடிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "நானே போய்ச் சொல்லிடட்டுமா?" என்றான். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கொஞ்சம் கழித்து எழுந்து, கோயிலுக்குப் போய் மறுபடி நெருப்பு எடுத்து வந்தாள்.

புரட்டாசி பிறந்து சீட்டு நாள் வந்தது. அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியிருக்க, ஓலை நறுக்குகள் போட்ட குடத்தை நடுவில் வைத்தார்கள். துளசிங்கத்தின் அடுப்பைத் தனியாகச் சேர்க்கலாமா என்று நாட்டார் கேட்டதும் சம்பந்தம் எழுந்தான். மீன் தலைக்கு வீடு பிரிந்ததாகத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்றும், இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்றும் சொன்னான். உண்மையில் அவன் சொன்னது சரிதான். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் மூளையை உபயோகித்தவன் அவன் ஒருவன்தான்.

நாட்டார் முனியம்மாளை முன்னால் வரச் சொன்னார். அம்மனைப் பார்த்து நின்று சொல்லம்மா, அடுப்பு நிஜமாகவே பிரிந்திருக்கிறதா என்றார்.

"பிரிஞ்சுதான் கீது" என்றாள் முனியம்மாள். "நெருப்ப எடுத்துக்கினு வாசலுக்கே போனேன். கைய நீட்டுனவ பின்னால கட்டிக்கினா. நீயும்தான பாத்துக்கினு இருந்த நாட்டார்? இத்த வுட இன்னா பிரியணும்?"

கண்ணீர் வழிந்து முகவாய்க்கு வந்தது. விக்கல் வரவில்லை. ஊர் முழுக்க அந்த விக்கலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது, வரவே இல்லை. நாட்டார் சம்பந்தத்தைப் பார்த்தார். அவனும் அன்று மரத்தடியில் இருந்தவன்தானே, உட்கார்ந்துவிட்டான்.

நறுக்குகள் ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டன. துளசிங்கம் அடுப்புக்கு ஒரு பாடு விழுந்தது. பிறகு இன்னும் சில பேர். பிறகு நாட்டார், "தேசப்பன் அடுப்பு" என்று கூப்பிட்டார்.

அதுவரைக்கும் அந்த ஊரில் தேசப்பன் அடுப்பு என்று ஒன்று இருந்ததில்லை. பக்கத்திலிருந்தவர்கள் தட்டி எழுப்ப, போய்ப் பாட்டை வாங்கிக்கொண்டான். முழுப் பாடு. பாதியாக்க வேண்டாத பாடு. திரும்பி வந்து மணலில் உட்கார்ந்தவனுக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிய ஆரம்பித்தது. கப்பல் விஷயத்தை அவன் இந்த உலகத்தில் ஒருத்தியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான். சொன்ன சில நாட்களில் அவளுக்கு மீன் தலை மேல் ஆசை வந்தது. வாசலில் நெருப்போடு நின்ற அம்மாவுக்கு முன்னால் அவள் கையைக் கட்டிக்கொண்டாள். வழியில் பார்த்தபோதெல்லாம் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்...

பெரிய ஆண்பிள்ளை, பிள்ளை பெறப் போகிறவன், ஊர் நடுவே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். பாடு விழுந்த சந்தோஷம் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். கப்பலைச் சொன்னபோது முனியம்மாள் அவனை இரண்டு அறை அறைந்தாள். அண்ணியைச் சொன்னபோது கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா அவ?"

"சொல்லியிருந்தா, நாட்டார் கேட்டப்போ இன்னா சொல்லியிருப்ப?"

"பிரிஞ்சுதான் கீதுனு..." என்று ஆரம்பித்த முனியம்மாளுக்கு விக்கல் வந்தது. தனக்கோடி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடிக்காமலே முனியம்மாள் எழுந்து தெருவில் இறங்கினாள்.

இந்தத் தடவை கையில் ஒன்றுமில்லை. விக்கிக்கொண்டே, விழுந்து எழுந்து, மணல்மேட்டில் ஏறி வந்தவளை அங்காளம்மாள் வாசலிலேயே பார்த்துவிட்டாள். முனியம்மாள் அவளை இழுத்து மாரோடு சேர்த்து, முதுகில் ஓங்கி ஓங்கிக் குத்தினாள். குத்தக் குத்த விக்கல் அழுகையாக மாறியது.

"பாவி... கல்லு மாதிரி நின்னியேடி. நான் நெருப்ப வெச்சுக்கினு நிக்கறேன், நீ கல்லு மாதிரி நின்னியே..."

"நின்னேன் அத்த."

"ஊத்தடியில நான் இன்னா இன்னா பேசுனேன் தெரியுமா உனுக்கு?"

"தெரியும். கடசீல நண்டு வரிக்கும் வந்துச்சு."

அழுகைக்கு நடுவே முனியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னாலேயே வந்த தேசப்பன் அண்ணியின் காலில் விழப் போனான். அவள் அவன் காதைப் பிடித்துத் தூக்கி, தண்டலிடம் போய் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாயா என்று கேட்டாள். இல்லை என்றான். முதலில் அதைச் செய் என்று அப்போதே தோணியில் ஏற்றி அனுப்பினாள். துளசிங்கம் தம்பியின் தோளில் ஒரு முறை தட்டிவிட்டு, கௌதாரிக்குச் செய்தியைச் சொல்லப் போனான்.

அவர்கள் போனபின் முனியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரியத்துக்கு வந்தாள்.

"சரி. சீட்டு வியுந்துடுச்சு. இனிமே ஊர்க்கட்டு தடுக்காது. அடுத்த சீட்டுக்குள்ள வேற இன்னானா பாத்துக்கலாம். பொட்டி பாயி எடுத்துக்கினு நம்ம வூட்டுக்கு வந்துடு."

அங்காளம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு மாத வசையைத் தாங்கியவளுக்கு இந்த வார்த்தையைத் தாங்க முடியவில்லை. இப்போது தலையாட்டிவிடலாம். எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். அவளுடைய நல்ல பெயர் வட்டியோடு திரும்பி வரும். அதற்கு ஒரு அகப்பையைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

"அத்த, உங்கிட்ட மறைச்சது போதும். இத்தயும் சொல்லிடறேன். மொதல்ல நாடகம்தான். இப்ப நாடகமில்ல. எனுக்கு இந்த வூடு புடிச்சுப்போச்சு."

முனியம்மாள் முதல் தடவையாக வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். சுவர் பக்கம் போனாள். நடக்க ஆளில்லாத பாலத்தைப் பார்த்தாள். குடைக்காரனைப் பார்த்தாள். உடைந்த பாத்திரம் வீட்டுக்கு ஆகாது என்று சொல்லப் போகிறாள் என்று அங்காளம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முனியம்மாள் விரலால் பறவையைத் தடவினாள்.

"இதுக்கு வாலு எங்க?"

"இன்னும் கெடைக்கல."

"கோட்டப் பக்கம் நானும் போறவதான். பாக்கறேன்" என்றாள் முனியம்மாள். பிறகு அடுப்புக்கு முன்னால் போய், காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். உட்கார்ந்த பிறகு அங்கிருந்தே பேரத்தை ஆரம்பித்தாள். அந்தப் பேரத்தைக் கடைத்தெருச் செட்டிமார் கேட்டிருந்தால் இரண்டு பேரையும் கூட்டுச் சேர்த்திருப்பார்கள்.

வாரத்தில் பாதி நாள் அங்கே இருக்க வேண்டும் என்று மாமியார் கேட்டாள். நல்ல நாள் பெரிய நாளுக்கு வருகிறேன் என்று மருமகள் சொன்னாள். மாமியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். மருமகள் நீர்மோர் கொடுத்தாள். தனக்கோடிக்கு யார் இருக்கிறார்கள் என்று மாமியார் கேட்டாள். அந்த ஒரு இடத்தில் மருமகள் இறங்கி வந்தாள். சாயங்காலமானால் தன்னால் அந்த வீட்டில் தனியாக உட்கார முடியவில்லை என்றாள் மாமியார். அதற்கு இங்கே வா என்று மருமகள் சொல்லி முடிப்பதற்குள் ஒப்புக்கொண்டாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கணக்கு முடிந்தது.

அங்காளம்மாள் கொடுக்க வேண்டியது: தனக்கோடியின் பிரசவத்துக்கு ஒரு மாதம் பழைய வீட்டில் இருப்பது. அது மார்கழியில், பெண் குழந்தையோடு, பைசல் ஆயிற்று.

முனியம்மாள் கொடுக்க வேண்டியது: ஊற்றடியில் சொன்ன அத்தனையையும் அதே ஊற்றடியில், அதே ஆட்களுக்கு முன்னால், ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொள்வது. மறுநாள் காலையிலேயே ஆரம்பித்தாள். நண்டைத் திரும்ப எடுத்தாள், கூடையைத் திரும்ப எடுத்தாள், கத்தி தீட்டியதைத் திரும்ப எடுத்தாள். தன் மருமகளைப்போல ஒருத்தி ஏழு ஊரிலும் இல்லை என்று வட்டியும் கட்டினாள். ஒன்றே ஒன்று மட்டும் நிலுவையில் நின்றது. அங்காளம்மாளுக்குக் குழம்பில் புளி அளவு தெரியாது என்று சொல்லியிருந்தாள். அதைத் திரும்ப எடுக்க எத்தனை முறை வாயெடுத்தாலும் விக்கல் வந்துவிடுகிறது. ஆகவே அது மட்டும் பாக்கி.